தென்கடல் வாடிக்காக நான் கையொப்பம் வைத்த தாள்

நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஷிஃபானா உங்களுக்கு அந்தத் திரையைக் காட்டியிருப்பாள். ஒருவருடைய பெயரை அழுத்தினால் அவருடைய பக்கம் திறக்கும். அங்கிருந்து அவருடைய காணி, ஊர், அவர் எழுதிய கடிதங்கள், அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள் என்று நூல் பிடித்தபடி போய்க்கொண்டேயிருக்கலாம். பார்த்தவுடன் உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது. அந்தப் பிடிப்பால் நான் செய்த ஒரு பிழையை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான், ஓய்வுபெற்ற பிறகும் உட்கார்ந்து எழுதுகிறேன். வழக்கோடு வந்தவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பிழையை மாற்றவில்லை.

நம்முடைய கந்தோரின், இந்தச் சின்ன அலுவலகத்தின், வேலை, காணி என்றும் கரை என்றும் வழக்கோடு வருகிறவர்களுக்குக் கடதாசி தேடிக் கொடுப்பது. கடதாசி என்றால் ஒழுங்காக அடுக்கியா கொண்டுவருவார்கள்? யுத்தத்தில் ஓடிய ஓட்டத்தில் கையில் அகப்பட்டது மட்டும் பொலித்தீன் பையில் வரும். ஞானஸ்நானப் பத்திரம், மீன்பிடிச் சங்க அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கை, ஊர் விதானையார் கொடுத்த கடிதம், பாதி கரையான் தின்ற அனுமதிப்பத்திரம். இவற்றின் பிரதிகள் மூன்று அலுமாரி நிறைய இருந்தன. அந்த மூன்று அலுமாரிக்கும் அட்டவணை என் தலைக்குள் இருந்தது. நான் காய்ச்சலில் படுத்தால் கந்தோரும் சேர்ந்து படுத்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஷிஃபானா வந்து இதை மாற்றினாள். எருக்கலம்பிட்டிக் குடும்பம், ஆனால் இடம்பெயர்ந்து போய் வளர்ந்தது புத்தளத்தில். ஒவ்வொரு கடதாசியையும் படம் பிடித்து ஏற்றுவாள். செயற்கை நுண்ணறிவு அதை வாசித்து, அதில் வரும் ஆளுக்கும் இடத்துக்கும் ஒவ்வொரு பக்கம் திறந்து, பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும். பக்கத்தின் தலையில் அந்தக் குடும்பத்தின் கதையைச் சுருக்கமாக எழுதியும் வைக்கும். சுருக்கத்தில் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ஒரு சின்னக் குறி இருக்கும். அதை அழுத்தினால் அந்த வசனம் எந்தக் கடதாசியிலிருந்து வந்ததோ அந்தக் கடதாசி கண்முன் வரும்.

"அக்கா, குறிய அழுத்திப் பாக்காம ஒரு வசனத்தையும் நம்பாதீங்க," என்று முதல் நாளே சொன்னாள். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் ஒருவருடைய அனுமதிப்பத்திரம் தொலைந்து, இலக்கம்கூடத் தெரியாமல் அவருடைய வழக்கு வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. எல்லாக் கடதாசியும் ஏற்றி முடித்த மாதமே திரை அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அவருடைய பக்கத்து வயல்காரர் தண்ணீர்ப் பிரச்சினைக்காக எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றில், போகிற போக்கில் அந்த இலக்கமும் இருந்தது. அந்தக் கடிதத்தைக் கோவைக்குள் குத்தி வைத்தவள் நான். அலுமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் அது இத்தனை காலம் கிடந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசத்தில் தலைகால் புரியாமலும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் திரை எது சொன்னாலும் எனக்கு வேதவாக்குத்தான். முதலில் எல்லாக் குறியையும் அழுத்தினேன். பிறகு சந்தேகமானதை மட்டும் அழுத்தினேன். பிறகு சந்தேகமே வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் தென்கடல் வாடிப் பிரச்சினை வந்தது.

நம்முடைய மாவட்டத்துத் தீவின் வடகரையிலுள்ள பேசாலையைச் சேர்ந்த ஒன்பது குடும்பங்கள், தென்கரையில் ஓரிடத்தில் வாடி போட்டுத் தொழில் செய்துவந்தன. வாடி என்றால் ஓலைக் கொட்டில்தான். அதில் தங்கி வலை இழுப்பதும், கருவாடு போடுவதும், சமைத்துச் சாப்பிடுவதும் நடக்கும். அந்தக் கரையை இறால் பண்ணைக்குக் குத்தகைக்குத் தரும்படி ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. அந்தக் கரையில் தொழில் செய்து தொடர்ந்து பாவித்துவரும் குடும்பங்கள் உண்டா என்று அறிய ஒரு விசாரணை வைத்தார்கள். உண்டு என்று எழுத்தில் காட்டினால் கரை அவர்களுக்கு ஒதுக்கப்படும். காட்டாவிட்டால் வாடைக்காலத்தில் ஒன்பது வீட்டுக்கும் பிழைப்பு இல்லை.

ஒன்பது குடும்பத்துக்கும் ஆளுக்கொரு வரலாற்றுத் தாள் நான் தயாரித்தேன். முன்பென்றால் ஒரு மாதம் எடுத்திருக்கும். இந்தத் தடவை இரண்டு நாளில் முடிந்தது. ஒவ்வொரு குடும்பப் பக்கத்தின் சுருக்கத்தையும் எடுத்து, கொஞ்சம் மொழியைச் செப்பனிட்டு, அடியில் 'மூலக் கடதாசிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். ஒரு மூலக் கடதாசியையும் நான் திறந்து பார்க்கவில்லை.

விசாரணை அதிகாரி வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர், மரியாதையான மனிதர். முதலில் பிலோமினாவின் தாளை எடுத்தார். பிலோமினா அந்த ஒன்பது குடும்பங்களிலும் மூத்தவர். புருஷனை இளமையிலேயே கடலில் இழந்து, இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அதிகாரி தாளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட தாளில இப்பிடி இருக்கு மிஸ். 'இக்குடும்பம் தென்கரையைக் கைவிட்டுப் பேசாலைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் மீண்டும் தென்கரையில் குடியேறியது. அதன்பின் இரண்டாவது தடவையும் வெளியேறியது.' ரெண்டு தரம் விட்டுட்டுப் போன ஆக்களுக்குத் தொடர்ச்சியான பாவனை எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

பிலோமினா கதிரையை விட்டு எழும்பினார். "ஆர் விட்டுட்டுப் போனது? மிஸ், நாங்கள் எங்க விட்டுட்டுப் போனனாங்கள்?"

அவர்கள் எங்கும் விட்டுப் போனதில்லை. வாடைக்காற்று வீசும் காலத்தில் வடக்குப் பக்கக் கடல் கொந்தளிக்கும், அப்போது பேசாலைக்காரர் தென்கடலுக்கு வாடி கட்டப் போவார்கள். சோழகக்காற்று தொடங்கினால் தென்கடல் பொங்கும், அப்போது பேசாலைக்குத் திரும்பி வடகடலில் தொழில் செய்வார்கள். ஒவ்வொரு வருடமும் போவார்கள், ஒவ்வொரு வருடமும் வருவார்கள். தீவில் கடைச்சாமான் கட்டிக்கொடுப்பவருக்கும் இது தெரியும். நான் அடம்பன் பக்கத்து வயல்காரி, கடல் என் தொழிலில்லை. என்றாலும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது.

பிறகு ஏன் கண்ணில் படவில்லை? நம்முடைய மூன்று அலுமாரியிலும் இருப்பது யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனங்களின் கதை. விலாசம் மாறினால் அந்தக் குடும்பம் ஓடியிருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கடதாசிகளை எல்லாம் வாசித்துப் பழகிய திரை, இந்தக் கடதாசிகளையும் அப்படியே வாசித்திருக்கிறது. ஒரு வருடத்தில் தென்கரை விலாசம், அடுத்த கடதாசியில் பேசாலை விலாசம், அதற்கடுத்ததில் மறுபடி தென்கரை. முப்பது வருடம் அதே கடதாசிகளைப் படித்த எனக்கும் அது இயல்பாகவே தெரிந்தது. ஷிஃபானா சிறுவயதில் அகதிக் கொட்டிலில் இருந்தவள், அவளுக்கும் அதில் பிழை தோன்றவில்லை. வாடைக்கு அங்கே, சோழகத்துக்கு இங்கே என்று சொல்லும் கடதாசி நம்மிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தத் தாள் பிழை, மற்ற எட்டுத் தாளையும் இதே விதமாகத்தான் செய்தேன். அந்த எட்டிலும் எப்படியோ 'தொடர்ந்து பாவித்து வருகின்றனர்' என்று நல்லபடியாக எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த ஷிஃபானா என் காதோடு சொன்னாள்: "அக்கா, மற்ற எட்டுக்கும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவள் தப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிலோமினாவின் தாளில் மட்டும் எழுத்துப்பிழை என்று சொல்லியிருக்கலாம். எட்டுக் குடும்பமாவது தப்பும். எதிரே நிறுவனத்தின் சட்டத்தரணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எழும்பினேன்.

"சேர், அந்த வசனம் பிழை. எழுதினது கொம்பியூட்டர், பாத்தனான் எண்டு கையொப்பம் வெச்சது நான். நான் பாக்கேல்ல. ஒன்பது தாளுக்கும் அப்பிடித்தான் வெச்சனான். ஒன்பதையும் எனக்குத் திருப்பித் தாங்கோ, ஒழுங்காச் செய்து கொண்டுவாறன்."

சட்டத்தரணி சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்து இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை தந்தார்.

வெளியே வந்ததும் மற்றக் குடும்பக்காரர்களில் ஒருவர், செபமாலை என்று வைத்துக்கொள்வோம், என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கட தாளில பிழையில்லையே மிஸ்! நீங்கள் நல்ல பேர் எடுக்க எங்கட வாயில மண்ணைப் போட்டுட்டியளே!" நின்று வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் அவருடைய தாளைத்தான் முதலில் பார்த்தோம். அவருடைய தம்பியின் வள்ளத்துக்குக் கொடுத்த அனுமதியை அவருடையதாக இணைத்து, அதை வைத்துத்தான் திரை 'தொடர்ந்து' என்று எழுதியிருந்தது. சட்டத்தரணி கையில் அது அகப்பட்டிருந்தால் ஒன்பதும் ஒரேயடியாகப் போயிருக்கும். இதைச் சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொண்டேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கு நல்ல யோகம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பிலோமினா கந்தோருக்கே வந்துவிட்டார். கோபம் ஆறவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. திரையில் அவருடைய குடும்பக் கடதாசிகள் வருட வரிசையில் நின்றன.

"இதென்ன வரிசை?"

"வருஷப்படி அக்கா," என்றேன்.

"வருஷத்தில என்ன கிடக்கு? மாசத்தச் சொல்லுங்கோ."

ஒரு கடதாசியைத் திறந்தேன். "மார்கழி."

"தென்கடல்."

விலாசத்தைப் பார்த்தேன். தென்கரை. அடுத்ததைத் திறந்தேன். "ஆனி."

"பேசாலை."

சரி. "தை?" தென்கடல். "வைகாசி?" பேசாலை. திரையைப் பாராமல், சுவரைப் பார்த்தபடி சொன்னார். சங்க அட்டை, மகனின் பள்ளிக்கூட அறிக்கை, மருந்துத் துண்டு, எது எடுத்தாலும் மாதம் சொன்னால் போதும், கரையைச் சொல்லிவிடுவார். ஷிஃபானா என் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தாள். நம்மிடம் இருந்த கடதாசிகளே போதும், நாங்கள்தான் அவற்றைப் பிழையாக அடுக்கியிருந்தோம்.

"ஆவணி," என்றேன்.

"பேசாலை."

விலாசத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"தென்கரை எண்டு இருக்கு அக்கா. உங்கட புருசன்ர மரணப் பத்திரம்."

ஆவணியில் தென்கடலில் ஒருவரும் இறங்கமாட்டார்கள். மகன் அன்ரன் முன்பு எழுதித் தந்த விபரத்தில், 'வாடிக் கூரையைப் பார்த்துவரப் போன இடத்தில் தந்தையார் கடலில் இறந்தார்' என்று இருந்தது. கூரையைப் பார்க்கப் போனவர் ஏன் கடலில் இறங்கினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கொடுத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"இந்தப் பத்திரத்தப் போடாம விட்டாலும் உங்கட வழக்கு நிக்கும் அக்கா," என்றேன். "போட்டால் அந்தச் சட்டத்தரணி இதப் பிடிச்சுத் தொங்குவார். விடுவமோ?"

"முதல் பாக்காமல் கையொப்பம் வெச்சனீங்கள். இப்ப பாத்துப்போட்டு ஒளிக்கப் போறியளோ?"

இந்த வேலையில் எனக்கு விழுந்த அடிகளில் அதுதான் பெரியது. விழவேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

"போடுங்கோ," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

பிலோமினா போன பிறகு, அந்த ஆவணி மாதத்தில் அவருடைய புருஷன் ஏன் தென்கரைக்குப் போனார் என்று ஷிஃபானா திரையிடம் கேட்டுப் பார்த்தாள். அது மூன்று காரணம் சொன்னது. மூன்றும் நல்ல தமிழில், நம்பும்படியாக இருந்தன. மூன்றுக்கும் முடிவில் குறி இல்லை. ஷிஃபானா அதை மூடினாள்.

இரண்டாவது தவணைக்கு ஒன்பது தாளையும் மாதப்படி அடுக்கி, ஒவ்வொரு வசனத்துக்கும் அதன் கடதாசியைப் பின்னால் குத்திக் கொண்டுபோனோம். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நானே திறந்து பார்த்திருந்தேன். அதிகாரி ஒரு விரலால் மாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் விளங்கிய களை தெரிந்தது. சட்டத்தரணி நான் எதிர்பார்த்த இடத்துக்கே வந்தார்.

"எல்லாம் காலப்படி எண்டுறீங்கள். அப்ப ஆவணியில இந்த மனுசன் தென்கரையில என்ன செய்தவர்? காலம் எண்ட கதையே பொய்தானே?"

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த மூன்று காரணமும் என் வாய்நுனியில் நின்றன. அவற்றில் எதைச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்கும்.

"எனக்குத் தெரியாது சேர்," என்றேன். "எங்க செத்தவர் எண்டு கடதாசி சொல்லுது. ஏன் போனவர் எண்டு சொல்லேல்ல."

"நான் சொல்லுறன்," என்று பிலோமினா எழும்பினார். பின்வரிசையில் மூத்த மகன் அன்ரன் இருந்தார். பிள்ளைகுட்டிக்காரர், சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. பிலோமினா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை, அதிகாரியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"அந்த வருஷம் சண்டையால வடகடல்ல இறங்கத் தடை ஐயா. தொழில் இல்ல, வீட்டில அரிசி இல்ல. தென்கடல் கொதிச்சுக்கொண்டு கிடக்கு, இது பிழையான காலம் எண்டு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு வலை போட்டுட்டு வந்திடுவன் எண்டவர். நான் மறிக்கேல்ல. பிள்ளையள் ரெண்டு நாளாச் சாப்பிடேல்ல, பசியெண்டு அழுதுகொண்டு நிண்டவை. அதால நான் மறிக்கேல்ல. கூரையப் பாக்கப் போனவர் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னது நான்தான். தங்களாலதான் போனவர் எண்டு அவை நினைக்கக்கூடாது எண்டு."

சட்டத்தரணி தன் தாள்களை அடுக்கினார். பிலோமினா சொன்னதை எல்லாம் அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டி, அவரிடம் கையொப்பம் வாங்கினார். சில மாதங்களில் கடிதம் வந்தது: கரை ஒன்பது குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்டது. செபமாலை ஒரு பை கருவாடு கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது கடிதத்தைப் பற்றி இல்லை. அன்று விசாரணை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது நடந்ததைப் பற்றி. பிலோமினா நிழலில் ஒதுங்கி நின்றார். அன்ரன் கொஞ்சம் தள்ளி, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கடதாசிக் கோவைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடதாசியைப் போடாமல் விட்டிருந்தால் இந்தத் தாயும் மகனும் இப்படித் தள்ளித் தள்ளி நிற்கவேண்டி வந்திராதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பேசாலை பஸ் வந்து நின்றது. அன்ரன் வந்து தாயின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அம்மா," என்றார். "போகேக்க, பிள்ளைக்கு மீனோட வாறன் எண்டு என்ர தலையத் தடவிப்போட்டுத்தான் அப்பா போனவர்."

பிலோமினா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். அன்ரனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அன்ரன் சொன்னதைத் திரையில் அவருடைய அப்பாவின் பக்கத்தில் எழுதவா என்று ஷிஃபானா பிறகு கேட்டாள். வேண்டாம் என்றேன்.